சட்டமும் தமிழும்: தி. சு. அவினாசிலிங்கத்தின் வாழ்வும் பொதுப்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

கோவையில் வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம் (1903–1991) விடுதலைப் போராட்ட வீரர், கல்வியாளர், சென்னை மாகாணக் கல்வி அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் பணியாற்றியவர். தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைக் கலைக்களஞ்சியத்தின் புரவலர் என்ற அளவில் குறித்துச் செல்கின்றன. அவருடைய தமிழ்ப்பணிக்கு அடித்தளம் அவர் பெற்ற சட்டப் பயிற்சியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பொது நூலகச் சட்டம், பாரதி படைப்புகளின் உரிமையை அரசு பெற்றமை, தமிழ்க் கலைக்களஞ்சியம், 1948ஆம் ஆண்டின் இந்திக் கட்டாய ஆணை ஆகிய நான்கும் இங்கு ஒப்புநோக்கி ஆராயப்படுகின்றன. முதல் மூன்றும் நிலைபெற்றமைக்கும் நான்காவது நிலைபெறாமைக்கும் உரிய காரணங்கள் அவர் வாழ்க்கை வரலாற்றின் வழியே விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அவினாசிலிங்கம், பொது நூலகச் சட்டம், நூலக வரி, கலைக்களஞ்சியம், தமிழ் வளர்ச்சிக் கழகம், பாரதி, பதிப்புரிமை, இந்தி எதிர்ப்பு.

முன்னுரை

அரசுப் பணியும் தமிழ்ப் பணியும் ஒருவரிடத்தே இணைந்து நிற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் சோழ மன்னனிடம் அமைச்சராக விளங்கியவர் என்று அவர் வரலாறு கூறும் நூல்கள் மொழிகின்றன. எனினும் அவரை நாம் நினைவில் வைத்திருப்பது அவருடைய அமைச்சுக்காக அன்று. திருத்தொண்டர் புராணம் என்னும் காப்பியத்துக்காகவே. அமைச்சர் ஒருவரின் தமிழ்ப்பணியை அவர் எழுதிய நூலைக் கொண்டு அளப்பதே நம் வழக்கமாக இருந்து வந்துள்ளது.

அதே குன்றத்தூரிலும், தொழிற்சாலைகள் பெருகிய திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊர்களிலும் இன்று வீட்டு வரி செலுத்தும் ஒருவர், அறிந்தோ அறியாமலோ, நூலக வரியையும் சேர்த்தே செலுத்துகிறார். தமிழ்நாட்டின் ஊர்ப்புற நூலகங்கள் வரை அனைத்துக்கும் ஊற்றாக உள்ள அவ்வரிக்கு வழிவகுத்த சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம். அவர் காப்பியம் இயற்றியவர் அல்லர். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவரும் அல்லர். தமிழ் நூல்களை எழுதுவோரும் படிப்போரும் சார்ந்து நிற்கத்தக்க அமைப்புகளை உருவாக்கியதே அவர் செய்த பணி. ஆசிரியர்களையும் பதிப்பாசிரியர்களையும் மையமாகக் கொண்டு எழுதப்படும் இலக்கிய வரலாற்றில் இத்தகைய பணிக்கு உரிய இடம் அமைவதில்லை. அவ்விடைவெளியைச் சிறிதேனும் நிரப்புதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் சட்டப் பயிற்சியும்

அவினாசிலிங்கம் 1903ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் திருப்பூரில் பிறந்தார். அந்நாளில் திருப்பூர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பருத்தி வணிகத்தால் வளர்ந்து வந்த நகரம். அவர் பிறந்த குடும்பம் செல்வ வளம் மிக்கது. திருப்பூரிலும் கோவையிலும் பள்ளிக் கல்வி பெற்ற அவர், சென்னைக்குச் சென்று பட்டப்படிப்பையும் அதன்பின் சட்டப் படிப்பையும் முடித்தார். 1920களின் நடுப்பகுதியில் கோவை திரும்பி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

அந்நாளைய கோவையில் வழக்கறிஞர் தொழிலும் பொது வாழ்வும் நெருங்கியே இருந்தன. அவர்தம் உறவினரான தி. அ. இராமலிங்கம் செட்டியார் வழக்கறிஞராகத் திகழ்ந்ததோடு கூட்டுறவு இயக்கத்தைக் கோவை மாவட்டத்தில் வேரூன்றச் செய்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் இருந்தவர். கூட்டுறவுச் சங்கம் என்பது விதிகளாலும் உறுப்பினர் உரிமைகளாலும் தணிக்கையாலும் இயங்கும் அமைப்பு. நல்லெண்ணம் மட்டும் போதாது, அந்நல்லெண்ணத்துக்கு ஒரு சட்ட வடிவமும் வேண்டும் என்ற பாடத்தை அவினாசிலிங்கம் தம் தொழில் வாழ்வின் தொடக்கத்திலேயே அருகிருந்து கற்க வாய்ப்பு இருந்தது. பிற்காலத்தில் அவர் தொட்ட பணிகள் பலவற்றிலும் இப்பாடத்தின் தடம் தெரிகிறது.

சட்டம் பயின்றோர் தமிழுக்குத் தொண்டாற்றிய மரபு அவருக்கு முன்பே உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்துகொண்டே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். தமிழின் முதல் புதினத்தையும் படைத்தார். சி. வை. தாமோதரம் பிள்ளை சட்டத்துறையில் பணியாற்றியவாறே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டார். இவர்கள் அனைவரும் சட்டத்தொழிலின் ஊடே தாமே நூல் செய்தவர்கள். அவினாசிலிங்கமோ சட்ட அறிவையே தமிழ்ப்பணியின் கருவியாக்கினார். அவ்வகையில் அவர் இம்மரபிலிருந்து வேறுபடுகிறார்.

நீதிமன்றத்திலிருந்து வித்யாலயத்துக்கு

அவருடைய வழக்கறிஞர் வாழ்வு நீண்டதன்று. இளமையிலேயே இராமகிருஷ்ண இயக்கத்தின்பால் ஏற்பட்ட ஈடுபாடும் காந்தியடிகளின் அறைகூவலும் அவரை வேறு வழியில் இட்டுச் சென்றன. 1930ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. அவ்வாண்டில் அவர் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதே ஆண்டில் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தையும் தொடங்கினார். சட்டத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் சட்டத்தை மீறிச் சிறை புகுந்ததும், அதே காலத்தில் புதிய ஒழுங்குடைய நிறுவனம் ஒன்றுக்கு வித்திட்டதும் ஒருங்கே நோக்கத்தக்கவை. அயலார் ஆட்சியின் சட்டத்தை அவர் மறுத்தார், ஒழுங்கமைவை மறுக்கவில்லை.

வித்யாலயம் சிறிய குருகுலமாகவே தொடங்கியது. சாதி வேறுபாடின்றி மாணவர் ஒருங்கே தங்கி, ஒருங்கே உண்டு, கல்வியோடு உடலுழைப்பும் பயில வேண்டும் என்பது அதன் நெறி. 1930களின் கோவையில் இது எளிதில் ஏற்கப்பட்ட நெறியன்று. தீண்டாமை ஒழிப்புக்காக 1934இல் தமிழகத்தில் பயணம் மேற்கொண்ட காந்தியடிகள் வித்யாலயத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் அது உயர்நிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி, வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல கிளைகளாக விரிந்தது. அவினாசிலிங்கம் திருமணம் செய்துகொள்ளாமல் இறுதிவரை வாழ்ந்தார். தமக்குரிய செல்வத்தையும் கல்விப் பணிக்கே ஈந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் அவரை ஐயா என்றே அழைத்தனர்.

வித்யாலயத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தமிழியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் பெ. தூரன் என்னும் ம. ப. பெரியசாமித் தூரன். கவிஞராகவும் சிறுகதை ஆசிரியராகவும் இசைப்பாடல் இயற்றியவராகவும் அறியப்பட்ட தூரன், பின்னர் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். அவருடைய ஆற்றலையும் பொறுமையையும் அவினாசிலிங்கம் பள்ளியிலேயே பல ஆண்டுகள் கண்டறிந்திருந்தார். கலைக்களஞ்சியத்தின் வரலாறு ஒருவகையில் வித்யாலயத்திலேயே தொடங்குகிறது எனலாம்.

1930களின் நடுப்பகுதி முதல் 1945 வரை அவர் தில்லி மத்தியச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். இடையிடையே சிறைவாசமும் நேர்ந்தது; 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் அவர் சிறைப்பட்டார். சட்ட முன்வரைவு ஒன்று எவ்வாறு உருப்பெறுகிறது, எந்த இடத்தில் தடைப்படுகிறது, நிதி ஒதுக்கீடு இல்லாத சட்டம் எவ்வாறு ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பனவற்றை அச்சபையில் இருந்து அவர் கண்டார். 1946இல் கல்வி அமைச்சர் பொறுப்பு அவரை வந்தடைந்தபோது அவருக்கு வயது 43. த. பிரகாசம் அமைச்சரவையிலும், அதன்பின் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை ஓமந்தூர் பெ. இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் அவர் அப்பொறுப்பை வகித்தார். ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள் நீடித்த அக்காலம் அவர் வாழ்வின் மிகச் செறிவான காலமாகும்.

பொது நூலகச் சட்டம்

நூலகத்துக்கெனச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அவினாசிலிங்கத்துடையதன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதனும், 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கமும் பல ஆண்டுகளாக அதனை வலியுறுத்தி வந்தனர். அரங்கநாதன் மாதிரிச் சட்ட வரைவுகளையும் ஆக்கி வைத்திருந்தார். கருத்தும் வரைவும் இருந்தும், அவற்றைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றும் அமைச்சர் ஒருவர் இல்லாமையே குறையாக இருந்தது. அக்குறை 1948இல் நீங்கிற்று. கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945இலேயே நூலகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. எனினும் விடுதலை பெற்ற இந்தியாவின் மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது சென்னையே. 1950இல் அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் சிறப்பை உணர அதன் கட்டமைப்பை நோக்க வேண்டும். மாவட்டந்தோறும் தல நூலக ஆணைக்குழு ஒன்றை அது நிறுவுகிறது. சென்னை நகருக்குத் தனி ஆணைக்குழு உண்டு. இக்குழுக்களை மேற்பார்வையிட இயக்குநர் ஒருவர் உள்ளார். கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் என்னும் நிலையைப் பெற்றது. இவை அனைத்துக்கும் மேலாக, உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் சொத்து வரி அல்லது வீட்டு வரியின்மீது கூடுதலாக நூலக வரி விதிக்கச் சட்டம் வழிவகுக்கிறது. அவ்வாறு திரட்டப்பெறும் தொகை ஆணைக்குழுவின் நூலக நிதியைச் சேர்தல் வேண்டும்.

வழக்கறிஞர் ஒருவரின் மதிநுட்பம் வெளிப்படும் இடம் இதுவே. நூலகத்துக்கு ஆண்டுதோறும் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் மானியம் ஒதுக்குவது எளிய வழி. ஆனால் மானியம் என்பது கொடுப்போரின் விருப்பத்தைச் சார்ந்தது. அமைச்சர் மாறினால் குறையலாம், பஞ்சம் வந்தால் நிற்கலாம். சட்டத்தின்வழி வரும் வரியோ உரிமை. அதனை நிறுத்த வேண்டுமாயின் சட்டத்தையே திருத்த வேண்டும். மேலும், வரி செலுத்தும் குடிமகனுக்கு நூலகம் ஈகையாக வழங்கப்படுவதன்று. அவனது பணத்தில் அமைந்த அவனது உடைமை. மன்னரும் மடங்களும் செல்வரும் புலவரைப் புரந்த நிலையிலிருந்து, வரி செலுத்தும் பொதுமக்களே நூலைப் புரக்கும் நிலைக்குத் தமிழ்ச் சமூகம் மாறியதன் சட்ட வடிவம் இது. ஊர்ப்புற நூலகங்களுக்கென ஆண்டுதோறும் நூல்கள் வாங்கப்பெறும் வழக்கம் பின்னர் வளர்ந்தபோது, தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கும் இவ்வமைப்பு பெருந்துணையாயிற்று. தமிழ் எழுத்தாளர் பலருடைய நூல்கள் சிற்றூர் வாசகரைச் சென்றடைந்தது இவ்வழியே.

பாரதி படைப்புகளின் உரிமை

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். அந்நாளில் நடப்பிலிருந்த பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவர் படைப்புகளுக்கு உரிமை உண்டு. அதன்படி 1971ஆம் ஆண்டு வரை பாரதி பாடல்களைத் தடையின்றி அச்சிடவோ மேடையிலும் படத்திலும் பயன்படுத்தவோ இயலாது. நூல்களின் உரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. இசைத்தட்டு, ஒலிபரப்பு முதலியவற்றுக்கான உரிமை கைமாறித் திரைப்படத் தயாரிப்பாளர் அ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்திருந்தது. திரைப்படம் ஒன்றில் பாரதி பாடல் பயன்பட்டதை ஒட்டி எழுந்த சட்டச் சிக்கல், நாட்டுக்கென வாழ்ந்த கவிஞனின் பாடல் தனியார் உடைமையாக இருக்கலாமா என்ற வினாவைப் பொதுமக்கள்முன் வைத்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் பொதுவுடைமை இயக்கத்தவரும் பாரதியை விடுவிக்க வேண்டும் எனக் குரல் எழுப்பினர்.

உணர்ச்சி மிக்க இக்கோரிக்கையை நிறைவேற்றுவதில் சட்டத் தடை ஒன்று இருந்தது. உரிமை பல கூறுகளாகப் பிரிந்து பலரிடம் இருந்தது. எந்தக் கூறும் முறைகேடாகப் பெறப்பட்டதன்று. ஆகவே உரிமையுடையோரை இணங்கச் செய்து, உரிய தொகை அளித்து, எழுத்துவழி மாற்றிப் பெறுவதே வழி. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை ஈடு பெறாமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும், பாரதியாரின் மனைவி செல்லம்மாளுக்கும், இரு மகளிருக்கும் அரசு தொகை வழங்கியது. 1949 மார்ச்சில் பாரதி படைப்புகளின் உரிமையை அரசு ஏற்பதைக் கல்வி அமைச்சர் என்ற முறையில் அவினாசிலிங்கம் சட்டமன்றத்தில் அறிவித்தார். பின்னர் அப்படைப்புகள் எவரும் பதிப்பிக்கத்தக்க பொதுவுடைமையாயின.

தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கும் வழக்கம் இன்று இயல்பாகி விட்டது. அதன் முதற்படி இந்நிகழ்வே. பாரதி ஆய்வைப் பொறுத்தவரை இதன் விளைவு அளவிடற்கரியது. காலவரிசைப் பதிப்புகளும் ஆய்வுப் பதிப்புகளும் மலிவுப் பதிப்புகளும் பலரால் பல நோக்கில் வெளியிடப்பெற்றமைக்கு, உரிமைத் தடை 1971க்குப் பல ஆண்டுகள் முன்னரே நீங்கியமை முதன்மைக் காரணமாகும்.

கலைக்களஞ்சியம்

தமிழில் பொருட்களஞ்சிய முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றின. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசமும் (1902), ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் (1910) தனியொருவர் உழைப்பால் விளைந்த பெருநூல்கள். இலக்கியம், புராணம், சமயம் சார்ந்த செய்திகளில் அவை செறிவுடையவை. இயற்பியலும் மருத்துவமும் பொருளியலும் பொறியியலும் உள்ளிட்ட நவீன அறிவுத்துறைகள் அனைத்தையும் அகரவரிசையில் தமிழில் தருவது தனியொருவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பணி. இந்திய மொழிகள் உயர்கல்விக்குப் போதா என்ற எண்ணம் கற்றோரிடையே வலுப்பெற்றிருந்த காலம் அது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வியை வலுப்படுத்த முனைந்த அமைச்சருக்கு இவ்வெண்ணத்தை வாதத்தால் மறுப்பதினும் நூலால் மறுப்பதே தக்கது எனப் பட்டது.

1946இல் அவினாசிலிங்கத்தைத் தலைவராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் கலைக்களஞ்சியப் பணி கால்கொண்டது. பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் அலுவலகம் அமைந்தது. பல்துறை அறிஞர்கள் கட்டுரை வழங்கினர்; ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிப் பழகியவர்களின் கட்டுரைகள் தமிழாக்கம் பெற்றன. ஒவ்வொரு கட்டுரையும் கலைச்சொற்களை வேண்டி நின்றது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ஆக்கிய கலைச்சொற்கள் பள்ளிப் பாடங்களின் தேவையைக் கருதியவை. அவற்றைக் கடந்து, உயர்நிலை அறிவுக்குரிய தமிழ் உரைநடை ஒன்று இத்தொகுதிகளில் உருவாயிற்று. முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963இலும், இணைப்புத் தொகுதியான பத்தாவது 1968இலும் வெளிவந்தன. அதனைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக 1976 வரை வெளியிடப்பெற்றது.

இவ்வாண்டுகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவினாசிலிங்கம் அமைச்சர் பதவியிலிருந்து நீங்கியது 1949இல். முதல் தொகுதி வெளிவந்தது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து. பத்தாம் தொகுதி வெளிவந்தபோது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில் முதலமைச்சர்கள் பலர் மாறினர். 1967இல் ஆளும் கட்சியே மாறியது. பணியோ நிற்கவில்லை. அமைச்சராக இருந்த காலத்தில் அதனைக் கல்வித் துறையின் கிளையாக அவர் அமைத்திருக்கலாம். அதிகாரமும் நிதியும் அவர் கையில் இருந்தன. அவ்வாறு செய்யாமல், அரசின் நிதி உதவியையும் செல்வர்களின் நன்கொடையையும் பெறத்தக்க, ஆயின் அரசின் துறையாகாத கழகம் ஒன்றிடம் ஒப்படைத்தார். பதவி நிலையாமையை உணர்ந்து, பணி நிலைக்கும் வகையில் வகுத்த ஏற்பாடு இது. தூரன் போன்ற ஒருவரின் அயரா உழைப்பு இன்றி நூல் முடிந்திராது. அவ்வுழைப்பு இருபது ஆண்டுகள் தடையின்றித் தொடர உரிய நிழல் இன்றியும் முடிந்திராது.

இந்திக் கட்டாயமும் அதன் பாடமும்

அவினாசிலிங்கத்தின் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவோர் தவிர்த்துச் செல்லும் பகுதி ஒன்று உண்டு. 1948இல் ஓமந்தூரார் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அப்போது கல்வி அமைச்சர் அவரே. தாய்மொழிவழிக் கல்வியை வளர்த்தவர், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர், கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியவர் எனத் தமிழுக்காக அறியப்பட்ட ஒருவரின் பொறுப்பிலிருந்தே அவ்வாணை பிறந்தது.

இதனை முரண்பாடு என்று மட்டும் கூறி அமைதல் ஆய்வாகாது. காந்தியத்தில் தோய்ந்த காங்கிரசாருக்குத் தாய்மொழிவழிக் கல்வியும் இந்தி கற்றலும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள்; இரண்டும் ஆங்கிலத்தின் இடத்தைப் பெறுவதற்கு உரியவை. தமிழைப் பயிற்று மொழியாக்குவதும் இந்தியை நாட்டுத் தொடர்பு மொழியாகக் கற்பிப்பதும் அவர்கள் நோக்கில் மோதிக்கொள்பவை அல்ல. ஆனால் தமிழகம் அவ்வாறு கருதவில்லை. 1938இல் இராஜாஜி அமைச்சரவை இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போராட்டமும், சிறையில் வாடி 1939இல் மறைந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவும், 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்ட நிகழ்வும் மக்கள் மனத்தில் பசுமையாகவே இருந்தன. 1948இல் பெரியாரின் தலைமையில் மீண்டும் போராட்டம் எழுந்தது. பெரியாரும் அண்ணாவும் கைதாயினர். காங்கிரசு இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திரு. வி. க.வும் ம. பொ. சி.யும் கூட எதிர்ப்பின் பக்கம் நின்றனர். இறுதியில் 1950–51ஆம் கல்வியாண்டு முதல் இந்தி விருப்பப் பாடமாக்கப்பட்டது. அதற்குள் ஓமந்தூரார் அமைச்சரவையும் விலகியிருந்தது.

மற்ற மூன்று பணிகளோடு இதனை ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. நூலகச் சட்டத்தின் பின்னே இருபது ஆண்டு இயக்கம் ஒன்று இருந்தது. பாரதி உரிமையின் பின்னே மக்கள் கோரிக்கை இருந்தது. உரிமையுடையோரின் இசைவும் பெறப்பட்டது. கலைக்களஞ்சியத்தின் பின்னே அறிஞர்களின் ஒத்துழைப்பு இருந்தது. இம்மூன்றிலும் சட்ட வடிவம் என்பது முன்பே உருவாகியிருந்த இசைவுக்கு நிலைபேறு அளித்தது. இந்தி ஆணையிலோ இசைவுக்கு மாற்றாக ஆணை நிறுத்தப்பட்டது. வழக்கு மன்றத்தில் இரு தரப்பையும் கேட்டபின்னரே தீர்ப்பு வழங்கப்படும் என்பதை அறிந்த ஒருவர், மாணவரும் பெற்றோரும் ஒரு தரப்பாக நின்ற இவ்வழக்கில் அத்தரப்பின் குரலுக்கு உரிய எடை தரவில்லை. அவருடைய நேர்மையை இது குறைப்பதன்று; அவருடைய முறை எங்கே செல்லுபடியாகும், எங்கே ஆகாது என்பதை வரையறுப்பது.

பிற்கால வாழ்வு

அமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின் அவர் மீண்டும் கல்வி நிறுவனங்களை நோக்கித் திரும்பினார். 1952இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். 1957இல் கோவையில் மகளிருக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். முனைவர் இராசம்மாள் பா. தேவதாசு போன்ற கல்வியாளர்களின் துணையோடு வளர்ந்த அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியைப் பெற்றது. 1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. காந்தியடிகளுடன் தாம் கொண்ட தொடர்பைப் பற்றித் தமிழில் நூலும் எழுதியுள்ளார். 1991 நவம்பர் 21ஆம் நாள் தம் 88ஆம் வயதில் மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

அவினாசிலிங்கம் நீதிமன்றத்தை விட்டு நீங்கினாலும் சட்டப் பயிற்சி அவரை விட்டு நீங்கவில்லை. தமிழ்ப்பணியை அவர் வரி விதிக்கும் சட்டமாகவும், உரிமை மாற்றும் ஒப்பந்தமாகவும், விதிகளால் இயங்கும் கழகமாகவும் வடித்தார்.

அவ்வடிவங்கள் அவருடைய பதவிக் காலத்தைக் கடந்து நின்றமைக்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, அமைச்சரின் விருப்பத்தைச் சாராத நிதியும் நிர்வாகமும். மற்றொன்று, அவற்றின் பின்னே முன்னரே அமைந்திருந்த பொது இசைவு. இவ்விரண்டாவது காரணம் இல்லாத இடத்தில் அதிகாரம் மட்டும் போதாது என்பதை 1948ஆம் ஆண்டின் இந்தி ஆணை காட்டுகிறது.

தமிழ் இலக்கிய வரலாறு நூல்களின் வரலாறாக மட்டும் அமையாமல், நூல்கள் தோன்றவும் பரவவும் துணைநின்ற அமைப்புகளின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதும்போது சட்டங்களும் அரசாணைகளும் சட்டமன்ற நடவடிக்கைகளும் கழக அறிக்கைகளும் தமிழியல் ஆய்வுக்குரிய சான்றுகளாகும்.

சேக்கிழாரைப் பயிலும் மாணவர் ஒருவர் குன்றத்தூரில் பெரிய புராணத்தைப் பொது நூலகத்திலிருந்து விலையின்றி எடுத்துப் படிக்க இயல்கிறது. அந்நூலை இயற்றிய அமைச்சரை அவர் அறிவார். அந்நூலை அவர் கையில் சேர்க்கும் வழியைச் சட்டமாக்கிய அமைச்சரையும் அவர் அறிய வேண்டும். அதற்கு வழிசெய்வது தமிழ்த் துறைகளின் கடமையாகும்.